ஏறத்தாழ என்னும் நேர்மை

பழைய நூல்களில் திருமுதுகுன்றம் என்று வழங்கும் விருத்தாசலம், மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த ஊர். பழமலைநாதர் கோயிலால் அறியப்பட்ட அவ்வூர் பின்னாளில் பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்றது. கொலுப்படியில் அமரும் பொம்மை, கார்த்திகைக்கு ஏற்றும் அகல், மின்சாரப் பெட்டிக்குள் வெண்மையாகத் தெரியும் பியூஸ் கட்டை ஆகியவை அங்குள்ள சூளைகளில் வெந்து வெளிவந்தவை. பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு அளிக்கும் அரசினர் நிறுவனமும் அவ்வூரில் உண்டு. கத்தோலிக்கராகிய நமக்கு அப்பகுதி நெஞ்சுக்கு நெருக்கமாவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. வீரமாமுனிவர் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய கோணாங்குப்பம் அதன் அண்மையில்தான் உள்ளது.

மண்ணைப் பிசைந்து நெருப்பிலிட்டுக் கல்லாக்கும் அத்தொழிலில் நாள்தோறும் எழும் ஒரு சிறு கணக்கை எடுத்துக்கொண்டு, அதனுள் மறைந்திருக்கும் ஓர் அறநெறிக் கேள்வியை நாம் இங்கு ஆராய விழைகிறோம். கணக்கு என்றதும் வாசகர்கள் அஞ்ச வேண்டியதில்லை. கழித்தலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

சுட்டெடுத்த பீங்கான் எவ்வளவு நீரை உறிஞ்சுகிறது என்று அறிவது அதன் தரத்தைக் காணும் எளிய வழிகளுள் ஒன்று. உலர்ந்த துண்டை நிறுத்து, நீரில் ஊறவைத்து, மேற்பரப்பின் ஈரத்தைத் துடைத்து மீண்டும் நிறுப்பர். கூடிய எடையை உலர்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் நீருறிஞ்சும் சதவீதம் கிடைக்கும். மின்சாரத்தைத் தாங்க வேண்டிய பொருளுக்கு இது சிறு செய்தியன்று. நீரை மிகுதியாகக் குடிக்கும் பீங்கான் மின்காப்பை இழக்கும். மழைக்காலத்தில் அதைத் தொடும் கைக்கு அதனால் கேடு விளையலாம்.

பயிற்சி பெறும் மாணவன் ஒருவன் இச்சோதனையைச் செய்கிறான் எனக் கொள்வோம். அவனிடம் உள்ள தராசு கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும். உலர்ந்த எடை 150.1 கிராம், ஊறிய எடை 152.4 கிராம்; வேறுபாடு 2.3 கிராம். கால்குலேட்டரில் வகுத்துப் பெருக்குகிறான். 1.53231179 என்று விடை வருகிறது. அவன் அந்த இலக்கங்கள் அனைத்தையும் ஏட்டில் எழுதிவிடுகிறான்.

அவன் பொய் எழுதினானா? இதுவே நம் கேள்வி.

எழுதவில்லை என்று வாதிடுவோர் மூன்று நியாயங்கள் கூறலாம். அவன் எதையும் இட்டுக்கட்டவில்லை, கருவி காட்டியதையே எழுதினான் என்பது முதலாவது. மிகுதியாகச் சொல்வது குறைத்துச் சொல்வதைவிட நல்லதுதானே என்பது இரண்டாவது. இதனால் யாருக்கு என்ன தீங்கு என்பது மூன்றாவது. இம்மூன்றும் நம் அன்றாட வாழ்வில் வேறு வடிவங்களில் நாம் கூறிக்கொள்ளும் சமாதானங்களே. ஆதலால் இவற்றை எளிதில் தள்ளிவிடாமல் பொறுமையாக நோக்குவோம்.

தராசு 150.1 என்று காட்டும்போது உண்மையான எடை 150.05க்கும் 150.15க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்பதே அதன் பொருள். ஊறிய எடைக்கும் அவ்வாறே. ஆகவே வேறுபாடு 2.3 என்பது 2.2 ஆகவும் இருக்கலாம், 2.4 ஆகவும் இருக்கலாம். முன்னதைக் கொண்டு கணக்கிட்டால் விடை 1.47 சதவீதம்; பின்னதைக் கொண்டு கணக்கிட்டால் 1.60 சதவீதம். முதல் இலக்கமாகிய 1 உறுதியானது. அடுத்து நிற்கும் 5 ஓரளவு நம்பத்தக்கது. அதன் பின்னால் வரிசையாக நிற்கும் ஏழு இலக்கங்களுக்கும் அந்தத் தராசு சாட்சி சொல்லவில்லை. அவை வகுத்தல் என்னும் செயலிலிருந்து பிறந்தவை. பீங்கானைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது.

அளவையிலிருந்து உண்மையாகவே பெறப்பட்ட இலக்கங்களை அறிவியலார் முக்கிய எண்ணுருக்கள் என்பர். கணக்கின் விடையில் அவற்றை மட்டும் நிறுத்தி, மிகுந்தவற்றை முழுமையாக்கி நீக்க வேண்டும் என்பது விதி. பெருக்கலிலும் வகுத்தலிலும், எடுத்துக்கொண்ட அளவுகளுள் எதில் முக்கிய எண்ணுருக்கள் மிகக் குறைவோ, அதன் எண்ணிக்கையை விடை மிஞ்சலாகாது. கூட்டலிலும் கழித்தலிலும், எந்த அளவின் தசம இடங்கள் குறைவோ, அதனோடு விடை நின்றுவிட வேண்டும். 150.1 என்பதில் நான்கு இருந்தாலும், 2.3 என்பதில் இரண்டே உண்டு. எனவே மாணவன் எழுதியிருக்க வேண்டிய விடை 1.5 சதவீதம். ஒரு குழுவினர் கூடி ஒரே சாட்சியம் அளிப்பதானால், அவர்களுள் மிகக் குறைவாகக் கண்டவர் எதுவரை கண்டாரோ அதுவரைதான் அனைவரும் சேர்ந்து சத்தியம் செய்ய முடியும். விதியின் உட்கருத்து இதுவே.

இப்போது அந்த நியாயங்களைப் பார்ப்போம். கருவி காட்டியதையே எழுதினான் என்பது மெய். ஆனால் கருவி சாட்சி சொல்வதில்லை. கையொப்பமிடும் மனிதனே சாட்சி. இரண்டாவது நியாயத்துக்குப் பின்னர் வருவோம். தீங்கு யாருக்கு என்னும் மூன்றாவதற்கு விடை இது. அப்பொருளை வாங்குவோர் 1.55 சதவீதத்துக்கு மேல் ஏற்பதில்லை என்று வைத்துக்கொள்வோம். ஏட்டில் 1.53231179 என்று இருந்தால், பொருள் ஐயமறத் தேறிவிட்டது என்றே படிப்பவர் நினைப்பார். உண்மை என்ன? அது 1.47 ஆயின் தேறியது; 1.60 ஆயின் தவறியது. இத்தராசைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல இயலாது, நுண்ணிய தராசு வேண்டும் என்பதே நேர்மையான அறிக்கை. ஏழு இலக்கங்களின் அணிவகுப்பு அந்த அறியாமையை மறைத்துவிட்டது. அறியாமை குற்றமன்று. அறியாததை அறிந்ததாகத் தோன்றச் செய்வதே குற்றம்.

நேர்மையான அறிக்கைக்கு ஒரு விலை உண்டு என்பதையும் நாம் மறக்கலாகாது. சரக்கு அனுப்பும் நாள் நெருங்கியிருக்கும்; கூலிக்குக் காத்திருப்போர் இருப்பர். ‘தெரியவில்லை’ என்று எழுதுபவனை யார் பாராட்டுவர்? ஆயினும் அந்த ஒரு சொல்லில் முகமறியா ஒருவரின் உயிர் அடங்கியிருக்கக் கூடும்.

பீங்கான் தொழிலின் வரலாற்றிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இங்கிலாந்தின் புகழ்பெற்ற மட்பாண்ட வினைஞர் சோசையா வெட்ச்வுட், சூளையின் வெப்பத்தை அளக்க வழி தேடினார். சாதாரண வெப்பமானிகள் அந்த நெருப்பில் நில்லா. களிமண் வெப்பத்தில் சுருங்குவதைக் கண்டு, சிறு களிமண் துண்டுகளைச் சூளையில் இட்டு, அவை எவ்வளவு சுருங்கின என்பதைக் கொண்டு வெப்பத்தைக் கூறும் கருவியொன்றை அமைத்தார். 1782இல் இலண்டன் அரச கழகத்தின் முன் அதை விளக்கினார். மறு ஆண்டே அக்கழகத்தின் உறுப்பினரானார். தம் அளவையைப் பாரன்ஹீட் அளவையோடு இணைக்க முயன்று, தமது ஒரு பாகை பாரன்ஹீட்டில் 130 பாகைக்குச் சமம் என்று முடிவு செய்தார். அவ்வழியே வெள்ளி 4,717 பாகையிலும், வார்ப்பிரும்பு 17,977 பாகையிலும் உருகும் என்று பட்டியலிட்டார்.

வெள்ளி உண்மையில் உருகுவது ஏறத்தாழ 1,763 பாரன்ஹீட் பாகையில். வார்ப்பிரும்பு 2,200 பாகையை ஒட்டியே உருகிவிடும். வெட்ச்வுட் பொய்யரல்லர், அடிமை வணிகத்தை எதிர்த்து 1787இல் பதக்கங்கள் வார்த்து வழங்கிய மனச்சான்றுள்ள மனிதர். வெப்பத்தோடு களிமண் ஒரே சீராகச் சுருங்கும் என்று அவர் கொண்ட கருத்துப் பிழைபட்டது. அப்பிழை எவருக்கும் நேரக் கூடியது. ஆனால் 4,717 என்பதன் இறுதியில் நிற்கும் அந்த 7ஐக் கவனியுங்கள். ஒரு பாகையே 130 பாகைக்குச் சமமான கருவியில், தனி ஏழு பாகைக்கு இடம் ஏது? ‘ஏறத்தாழ 4,700’ என்று எழுதியிருந்தாலும் விடை தவறாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அது தன் தவற்றின் மீது சத்தியம் செய்திருக்காது. இலக்கங்களின் எண்ணிக்கை வேறு, உண்மை வேறு. முதலாவது இரண்டாவதன் உடையை அணிந்துகொள்ளும்போது நல்லவர்களும் ஏமாறுகின்றனர்.

‘மிகுதியாகச் சொல்வது நல்லதுதானே’ என்ற நியாயத்துக்குப் புனித தாமஸ் அக்குவினாஸ் நமக்கு வழி காட்டுகிறார். வாய்மை என்னும் நற்பண்பு இரு பிழைகளுக்கு நடுவில் நிற்பது என்று அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி அவர் கற்பிக்கிறார். இருப்பதற்கு மேல் சொல்வது தற்பெருமை. இருப்பதை மறுத்துத் தாழ்த்திச் சொல்வது போலிப் பணிவு. ஆயினும் இவ்விரண்டில் வாய்மை எப்பக்கம் சாயலாம் என்று கேட்டு, குறைவின் பக்கமே என்கிறார். மிகுதியினுள் குறைவு அடங்கியிருத்தலால், உள்ளதில் ஒரு பகுதியை மட்டும் கூறுபவன் வாய்மைக்கு மாறாகப் பேசவில்லை என்பது அவர் தரும் விளக்கம். 1.5 என்று எழுதியவன் குறைவாகச் சொன்னான். ஆனால் சொன்னதெல்லாம் உண்மை. எட்டு இலக்கம் தொடர்ந்து எழுதியவன் மிகுதியாகச் சொன்னான், அம்மிகுதி அவனுடையதன்று. ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று நிறுத்திக்கொள்ளவும், அதனினும் மிகுவது தீயோனிடமிருந்து வருவது என்றும் நம் ஆண்டவர் மலைப்பொழிவில் எச்சரித்ததை இலக்கங்களுக்கும் பொருத்திப் பார்ப்பது மிகையாகாது.

திருவிவிலியத்தின் ஆசிரியர்கள் இந்த நேர்மையைக் கடைப்பிடித்திருப்பதைக் கண்டு நாம் வியக்கிறோம். யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில், சீடர்கள் கரையிலிருந்து ஏறத்தாழ இருநூறு முழத் தொலைவில் இருந்தனர் என்று வாசிக்கிறோம். மூன்று வசனங்களுக்குள் வலையில் இருந்த பெரிய மீன்கள் 153 என்றும் வாசிக்கிறோம். 153க்கு உட்பொருள் கண்டோர் பலர். அது ஒருபுறமிருக்க, எளிய உண்மை ஒன்று இங்கே உள்ளது. தண்ணீரின் மேல் தொலைவைக் கண்ணால் மதிப்பிட்டவர் ‘ஏறத்தாழ’ என்றார். கரையில் மீன்களை ஒவ்வொன்றாக எண்ணியவர் ‘ஏறத்தாழ’ என்னவில்லை. எண்ணியது முழு உறுதியுடையது. அளந்தது தன் எல்லையைச் சொல்ல வேண்டியது. அறிவியல் மாணவனுக்கு இன்று கற்பிக்கப்படும் அதே வேறுபாடு இது. ஐந்து அப்பம், இரண்டு மீன், பன்னிரண்டு கூடை என எண்ணத்தக்கவற்றை உறுதியாகக் கூறும் நற்செய்தி, உண்ட ஆண்களை ‘ஏறத்தாழ ஐயாயிரம்’ என்றே கூறுகிறது.

அரசர்கள் முதல் நூலின் 7ஆம் அதிகாரத்தில் சாலமோன் வார்ப்பித்த வெண்கலக் ‘கடல்’ வருகிறது. விளிம்புக்கு விளிம்பு பத்து முழம், சுற்றளவு முப்பது முழம். வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் அல்லவா, மறைநூலில் பிழை இருக்கிறதே என்று நகைப்போர் உண்டு. விட்டம் 9.7 முழமாக இருந்தால் சுற்றளவு ஏறத்தாழ 30.5 முழத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். அண்மையிலுள்ள முழு முழத்துக்கு முழுமையாக்கிச் சொன்னால் அவை பத்தும் முப்பதுமே ஆகும். முழக்கோலுக்கு எட்டியதைச் சொல்லி நிறுத்தியவரை நாம் பிழை செய்தவர் என்போமா? ஆரியபட்டர் கி.பி. 499இல் இதே விகிதத்தை நான்கு தசம இடம் வரை செம்மையாகக் கணித்தார். கணித்தும், அது ‘அண்மையானது’ என்ற சொல்லையும் சேர்த்தே வைத்தார். பேரறிஞனின் அடையாளம் அந்தச் சொல்லில் இருக்கிறது.

உருண்டையான எண்ணை உலகம் நம்ப மறுப்பதும் உண்டு. புனித தோமையாரின் நினைவு தாங்கிய பரங்கிமலையருகே 1802இல் வில்லியம் லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நில அளவைப் பணி, அரை நூற்றாண்டுக்குப் பின் இமயத்தை எட்டியது. ராதாநாத் சிக்தார் போன்றோரின் கணக்கைக் கொண்டு, எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று 1856இல் வெளியிடப்பட்டது. கணக்கில் கிடைத்தது சரியாக 29,000 என்றும், அப்படியே சொன்னால் ஒப்புக்குச் சொன்ன எண் என்று மக்கள் கருதுவர் என அஞ்சி இரண்டு அடி கூட்டப்பட்டது என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ அன்றோ, பின்னர் 1955இல் இந்திய அளவையர் கண்ட உயரம் 8,848 மீட்டர், அதாவது ஏறத்தாழ 29,029 அடி. பத்தாம் இடமே ஐயத்துக்குரியதாக இருந்தபோது ஒன்றாம் இடத்து இரண்டினால் என்ன பயன்? ஆனால் இக்கதை பேசுபவரை மட்டுமன்றிக் கேட்பவரையும் குற்றஞ்சாட்டுகிறது. அடக்கமாகச் சொல்பவரை ஐயுற்று, அலங்காரமாகச் சொல்பவரை நம்பும் நாமும் பொய்க்குத் துணை நிற்கிறோம்.

மறுபக்கத்தையும் கூறாவிடில் நாம் நடுநிலை தவறியவர்களாவோம். முழுமையாக்குதல் சோம்பலுக்கோ சுரண்டலுக்கோ போர்வையாகலாம். கணக்கின் நடுவிலேயே இலக்கங்களை வெட்டினால் பிழை படிப்படியாகப் பெருகும். ஆதலால் இடைநிலைகளில் ஓரிரு இலக்கங்களை மிகுதியாகவே வைத்துக்கொண்டு, இறுதி விடையில் மட்டும் முழுமையாக்க வேண்டும் என்பர். கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1982இல் 1,000 என்று தொடங்கிய குறியீட்டெண்ணை, ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் மூன்று தசமத்துக்கு மேற்பட்டதை முழுமையாக்காமல் வெட்டியெறிந்து வந்தது. 1983 நவம்பரில் அது ஏறத்தாழப் பாதியாகச் சரிந்து காட்டியது. திருத்திக் கணக்கிட்டபோது கிடைத்தது 1,098.892. எவர் கண்ணுக்கும் தெரியாத துகள்கள் எப்போதும் ஒரே பக்கம் விழுந்ததன் விளைவு அது.

இதனால்தான், சரிபாதியாக நிற்கும் 5ஐ எப்போதும் மேலே தள்ளாமல், முன்னிற்கும் இலக்கம் இரட்டைப்படையாகும்படி ஒருமுறை மேலும் ஒருமுறை கீழுமாக முழுமையாக்கும் வழக்கம் ஏற்பட்டது. 2.5 இரண்டாகும், 3.5 நான்காகும். தனக்கு ஏற்றவாறு சாய்வதைத் தடுக்கும் சிறு நீதி இது. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பெறும் தொழிலாளியின் கணக்கில், பைசாக்கள் என்றும் முதலாளியின் பக்கமே முழுமையாகுமானால், பைக்குள் இருவகை எடைக்கற்களை வைத்திருக்கலாகாது என்று இணைச்சட்ட நூல் விதித்த கட்டளை மீறப்பட்டதேயாகும்.

பூச்சியத்தைப் பற்றியும் ஒரு சொல். 8 சென்டிமீட்டர் என்பதும் 8.0 சென்டிமீட்டர் என்பதும் கணக்குக்கு ஒன்று, மனச்சான்றுக்கு வேறு. அந்தப் பூச்சியம், ‘பத்தில் ஒரு பங்கையும் பார்த்தேன், அங்கே ஒன்றுமில்லை’ என்று கூறும் சாட்சி. பாராமல் அதை எழுதுவது பொய். பார்த்தும் எழுதாமல் விடுவது கண்டதை மறைப்பது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் எழுத்தில் மயங்கிக் கிடந்தபோது, அவற்றைப் பிரித்துக் காட்ட வீரமாமுனிவர் வடிவம் வகுத்தார். வேறுபாடு உள்ள இடத்தில் அதைக் காட்டும் சிறு கோடும் தொண்டே. வேறுபாடு அறியாத இடத்தில் இடும் கோடு வெறும் கீறல்.

இக்கேள்வி நம் ஆன்மாவை மிக அருகில் தொடும் இடம் ஒப்புரவு அருட்சாதனம். சாவான பாவங்களை வகையும் எண்ணிக்கையும் கூறி அறிக்கையிட வேண்டும் என்று திரிதெந்து சங்கத்தின் போதனை வழியாகத் திருச்சபை கற்பித்தது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் அவ்வாறே கூறுகிறது. எண்ணிக்கை நினைவில்லாதவர் என் செய்வது? ஆராய்ந்தும் நினைவுக்கு வராவிடில் ‘ஏறத்தாழ இத்தனை முறை’ என்று சொன்னால் போதும் என்று அறநெறி இறையியலார் விடை தருவர். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அச்சத்தால் இல்லாத துல்லியத்தைத் தேடி வதைபடும் மனமும் உண்டு. ‘ஏதோ சில’ என்று மழுப்பித் தப்பிக்கும் மனமும் உண்டு. முன்னது தன் தராசு காட்டாத இலக்கங்களை எழுதுகிறது. பின்னது காட்டியவற்றையும் வெட்டிவிடுகிறது. அறிந்ததை அறிந்த அளவில் சொல்லி, அறியாததை இறைவனின் இரக்கத்தில் வைப்பதே நடுவழி.

தன்னையே இவ்வளவில்தான் அறிய முடிகிற நாம், பிறரைப் பற்றி எத்தனை இலக்கத்துக்குத் தீர்ப்பு எழுதுகிறோம்! அயலார் ஒருவரின் ஒரு நாள் கோபத்தை அளந்து அவர் வாழ்நாள் குணத்தைக் கணக்கிடுகிறோம். இரண்டு இலக்கச் செய்தியிலிருந்து எட்டு இலக்க முடிவு காண்கிறோம். கணக்கின் நடுவிலேயே முழுமையாக்கி, ‘அவன் அவ்வளவுதான்’ என்று மூடிவிடுகிறோம். இறுதி விடை வரும்வரை வெட்டாதே என்னும் விதி, அறுவடை வரை களையைப் பிடுங்க வேண்டாம் என்று தம் பணியாளரைத் தடுத்த வீட்டுத் தலைவரை நமக்கு நினைவூட்டவில்லையா?

நம் மொழி இதற்கு அழகிய சொற்களை நமக்குத் தந்திருக்கிறது. ஏறத்தாழ, ஏறக்குறைய. ஏறவும் தாழவும் இடம் உண்டு, ஏறவும் குறையவும் இடம் உண்டு என்பது அவற்றின் நேர்பொருள். அளவையின் இருபுறமும் விடவேண்டிய இடத்தை நம் முன்னோர் பேச்சிலேயே விட்டுவைத்தனர். அதைத் தளர்ச்சியின் சொல்லாகக் கருதி நாம் நாணுகிறோம். உண்மையில் அது சான்றோனின் சொல். தன் கைக்கோல் எதுவரை எட்டும் என்று அறிந்தவனின் சொல்.

சூளைக்குள் சென்ற களிமண் எவ்வளவு சுருங்கும் என்று குயவன் ஒருவாறு அறிவான், முற்றும் அறியான். நம்மை வனைந்தவரோ நம் தலைமுடியையும் எண்ணி வைத்திருப்பதாக நற்செய்தி கூறுகிறது. எண்ணி அறிதல் அவருக்கு உரியது. அளந்து, ‘ஏறத்தாழ’ என்று பணிவோடு சொல்லுதல் நமக்கு உரியது. அந்த மாணவன் மீண்டும் தன் ஏட்டைத் திறந்து, ஏழு இலக்கங்களை அடித்துவிட்டு, 1.5 என்று எழுதட்டும். அருகிலேயே, நுண்ணிய தராசில் மறுமுறை நிறுக்க வேண்டும் என்றும் எழுதட்டும். அந்த இரு வரிகள் கடவுள் முன்னிலையில் பொய்ச்சான்று இல்லாதவையாக இருக்கும்.